பின் கண்ணாடியில் மங்கல் விலகவில்லையா? டிஃபாகர் மின்கோளாறைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் முறை

கம்பத்தில் காய்ந்த காற்றில் கிளம்பும் கார், லோயர் கேம்ப் தாண்டிக் குமுளி மலைச்சாலையில் ஏறியதுமே ஈரத்துக்குள் நுழைந்துவிடுகிறது. ஜூன் தொடங்கிச் செப்டம்பர் வரை போடிமெட்டு வழியாக மூணாறு போனாலும், செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு வழியாகப் புனலூர் போனாலும் இதே நிலைதான். உள்ளே நாலைந்து பேரின் மூச்சு, நனைந்த குடை, ஈரச் செருப்பு. வெளியே சாரலில் குளிர்ந்துபோன கண்ணாடி. உள்காற்றில் இருக்கும் ஈரம் அந்தக் குளிர்ந்த கண்ணாடியில்தான் போய்ப் படியும். முன் கண்ணாடியை ஏ.சி. காற்று தெளியவைத்துவிடும். பின் கண்ணாடிக்கு அந்தக் காற்று போதிய அளவு எட்டாது. அதற்கென இருப்பவை உள்பக்கம் குறுக்கே ஓடும் மெல்லிய கோடுகள் மட்டும்தான்; கரண்டில் சூடாகி மங்கலை விலக்கும் இந்த அமைப்புக்குத்தான் டிஃபாகர் என்று பெயர். அவை சூடாகாவிட்டால் கொண்டை ஊசி வளைவில் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் ஜீப் கண்ணில் படாது.

இந்தக் கோடுகள் வேலை செய்யாதபோது பலரும் செய்வது ஊகம். ஃபியூஸ் மாற்றிப் பார்ப்பது, ரிலே (சிறு கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் ஸ்விட்ச்) மாற்றிப் பார்ப்பது, கடைசியில் கண்ணாடியையே மாற்றுவது. ஊகத்துக்கு இங்கே வேலையே இல்லை. ஒரு சாதாரண மல்டிமீட்டரை வைத்துக் கோட்டின் நடுவில் ஓர் அளவு எடுத்தால் போதும்; கோளாறு கண்ணாடியிலா, கரண்ட் வரும் வழியிலா, எர்த்திலா (கார் பாடி வழியாகக் கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் வழியிலா) என்பது அப்போதே தெரிந்துவிடும். மற்ற சோதனைகள் எல்லாம் அந்த அளவிலிருந்து கிளம்புபவை.

உள்ளே என்ன நடக்கிறது

கோடுகள் கம்பி அல்ல. வெள்ளித்தூள் கலந்த பசையைக் கண்ணாடியின் உள்முகத்தில் அச்சிட்டு, கண்ணாடியோடு சேர்த்துச் சுட்டு ஒட்டவைத்தவை. இடப்பக்கமும் வலப்பக்கமும் மேலிருந்து கீழாக அகலமான பட்டை ஒன்று ஓடும். ஏணியின் இரண்டு கால்கள் அந்தப் பட்டைகள் என்றால், படிகள் இந்தக் கோடுகள். ஒரு பட்டைக்கு 12 வோல்ட் வருகிறது, இன்னொரு பட்டை பாடியில் எர்த் ஆகிறது. கோடுகள் எல்லாம் இணையாக இருப்பதால் ஒன்று அறுந்தாலும் மற்றவை தொடர்ந்து வேலை செய்யும். ஒட்டுமொத்தமாக எல்லாமே சூடாகவில்லை என்றால் பெரும்பாலும் குற்றம் கோடுகளில் இல்லை என்பதும் இதிலிருந்தே வருகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்துக் கோடுகள் உள்ள கண்ணாடியில் மொத்த ரெசிஸ்டன்ஸ் 0.8 ஓம் என்று வையுங்கள். ஒவ்வொரு கோடும் 8 ஓம். எஞ்சின் ஓடும்போது கண்ணாடிக்கு 13.5 வோல்ட் வந்தால் சுமார் 17 ஆம்பியர் ஓடும். சூடு ஏறத்தாழ 230 வாட். ஹெட்லைட் பல்புகள் இரண்டும் சேர்ந்து எடுப்பதைவிட இது அதிகம். இவ்வளவு கரண்ட் போகும் வழியில் லேசான துரு, வயரை இணைக்கும் கப்ளர் ஒன்று தளர்ந்து இருந்தாலே சூடு இறங்கிவிடும். சின்ன கார்களில் கரண்ட் 10 ஆம்பியரை ஒட்டி இருக்கும், பெரிய கண்ணாடிகளில் 20ஐத் தாண்டும்.

கரண்ட் போகும் பாதை இது: பேட்டரி, ஃபியூஸ், ரிலே, அங்கிருந்து தடிமனான வயர் காரின் பக்கவாட்டில் பின்னால் ஓடி, ஹாட்ச்பேக் என்றால் டிக்கிக் கதவின் கீல் அருகே உள்ள ரப்பர் குழாய்க்குள் நுழைந்து, கண்ணாடியின் பட்டையில் ஒட்டிய தகட்டு முனைக்கு வரும். மறுபக்கத் தகட்டிலிருந்து எர்த் வயர் கிளம்பிப் பாடியில் ஒரு போல்ட்டில் முடியும். டாஷ்போர்டில் இருக்கும் ஸ்விட்ச் ரிலேயை மட்டும்தான் இயக்குகிறது. புதிய கார்களில் ஸ்விட்சுக்கும் ரிலேக்கும் நடுவே பாடி கண்ட்ரோல் யூனிட் என்ற மின்னணுப் பெட்டி உட்கார்ந்திருக்கும்.

தொடங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஒரே மாடலில் கீழ்நிலை வேரியண்டுகளுக்கு டிஃபாகர் கொடுக்காமல் விடுவது நம் ஊரில் வழக்கம். கண்ணாடியில் கோடுகள் உண்டா, டாஷ்போர்டில் செவ்வகத்துக்குள் மூன்று வளைந்த அம்புகள் போட்ட பொத்தான் உண்டா என்று முதலில் பாருங்கள். உடைந்த கண்ணாடியை மாற்றியபோது கோடு இல்லாத கண்ணாடி போடப்பட்டிருந்தால் பொத்தான் இருந்தும் பயன் இல்லை. கண்ணாடியின் மேல்பகுதியில் தனியாக, வேறு வடிவில் இருக்கும் ஒன்றிரண்டு மெல்லிய கோடுகள் ரேடியோ ஆன்டெனாவாக இருக்கலாம். அவை சூடாகாது, அது கோளாறும் அல்ல.

பல கார்களில் எஞ்சின் ஓடினால்தான் டிஃபாகர் ஓடும். பேட்டரி வோல்ட் குறைந்தால் தானாக அணைத்துவிடும் கார்களும் உண்டு. டைமர் 10 முதல் 20 நிமிடத்துக்குள் தானே அணைத்துவிடும். சோதனையின் நடுவில் மீட்டர் திடீரென்று பூஜ்யம் காட்டினால் பதறாதீர்கள். டைமர் முடிந்திருக்கும், பொத்தானை மறுபடி அழுத்துங்கள். புதிதாகச் சோதிப்பவர்கள் அதிகம் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

தேவையான சாமான்கள்: டிஜிட்டல் மல்டிமீட்டர், பல்பு உள்ள 12 வோல்ட் டெஸ்ட் லாம்ப், சாப்பாடு மடிக்கும் அலுமினியத் தாள் ஒரு துண்டு, டார்ச், அதே ஆம்பியர் ஃபியூஸ் இரண்டு, பிளாஸ்டிக் பேனல் கழற்றும் கரண்டி. வீட்டு வயரிங் பார்க்கும் எலக்ட்ரீஷியனிடம் இருக்கும் கிளாம்ப் மீட்டர் பெரும்பாலும் ஏ.சி. கரண்டை மட்டுமே அளக்கும். டி.சி. அளக்கும் கிளாம்ப் மீட்டர் கிடைத்தால் வேலை இன்னும் சுலபம். மல்டிமீட்டரை 10 ஆம்பியர் துளையில் வைத்து டிஃபாகர் வயரோடு தொடராகச் சேர்க்காதீர்கள். மீட்டரின் உள் ஃபியூஸ் போய்விடும்.

எஞ்சினை ஓடவிட்டுச் சோதிப்பதால் காரைத் திறந்த வெளியில் நிறுத்துங்கள். ஷட்டர் இறக்கிய ஷெட்டுக்குள் வேண்டவே வேண்டாம்.

முதல் பார்வை: மங்கலே படம் போட்டுக் காட்டும்

கண்ணாடி மங்கியிருக்கும் காலை நேரத்தில் டிஃபாகரைப் போட்டு ஐந்து நிமிடம் கழித்து ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வெயில் நாளில் மங்கல் இல்லையென்றால் வெந்நீர்ப் பாத்திரத்தைப் பின்சீட்டுக்குப் பின்னால் சிறிது நேரம் வைத்தால் போதும். வேலை செய்யும் கோடுகளின் மேலும் கீழும் முதலில் தெளியும். இதில் நான்கு வகை தெரியும்.

ஒன்றிரண்டு கோடுகளின் இடத்தில் மட்டும் மங்கல் பட்டையாக நின்றால், அந்தக் கோடுகள் எங்கோ அறுந்திருக்கின்றன. ஒரே இடத்தில் அறுந்தாலும் அந்தக் கோடு முழுவதும் குளிர்ந்தே இருக்கும். அதனால் போட்டோவைப் பார்த்து அறுந்த புள்ளியைச் சொல்ல முடியாது. ஒரு கோடுகூடச் சூடாகவில்லை என்றால் பாதையில் தடை. எல்லாம் தெளிகிறது, ஆனால் அரை மணி நேரம் ஆகிறது என்றால் எங்கோ வோல்ட் இழப்பு. டிக்கியைத் திறந்து மூடினால் வேலை செய்கிறது, பிறகு நிற்கிறது என்றால் வேறெங்கும் தேடாமல் நேராக அந்த ரப்பர் குழாய்க்குப் போங்கள்.

கோட்டின் நடுவில் ஓர் அளவு

மல்டிமீட்டரை 20 வோல்ட் டி.சி.யில் வையுங்கள். எஞ்சினை ஓடவிட்டு டிஃபாகரைப் போடுங்கள். கறுப்பு முனையைப் பெயின்ட் இல்லாத ஒரு பாடி போல்ட்டில் வையுங்கள்; டிக்கிப் பூட்டின் கொக்கி நல்ல இடம். சிவப்பு முனையின் நுனியில் அலுமினியத் தாளை இரண்டு சுற்றுச் சுற்றி, அந்தத் தாளைக் கோட்டின் மேல் விரலால் அழுத்துங்கள். கூரான முனையை நேரடியாகக் குத்தினால் நல்ல கோட்டையும் நீங்களே அறுத்துவிடுவீர்கள்.

கண்ணாடியின் நடுவில் வரும் அளவை இப்படிப் படியுங்கள்:

1. ஆறு, ஆறரை, ஏழு வோல்ட்டுக்குள் வந்தால் அந்தக் கோடு நலம். ஒரு பக்கம் 13, மறுபக்கம் பூஜ்யம், நடுவில் பாதி.

2. எல்லாக் கோட்டிலும் நடுவில் 12, 13 வோல்ட் வந்தால் கரண்ட் கண்ணாடி வரை வந்துவிட்டது, வெளியேற வழியில்லை. எர்த் பக்கம் அறுந்திருக்கிறது.

3. எல்லாக் கோட்டிலும் பூஜ்யம் என்றால் கரண்ட் வந்து சேரவே இல்லை. ஃபியூஸ், ரிலே, வயர் அல்லது பிளஸ் பக்கத் தகட்டு முனை.

4. சில கோட்டில் பாதி, சிலவற்றில் முழு வோல்ட்டோ பூஜ்யமோ என்றால் அந்தச் சில கோடுகள் மட்டும் அறுந்தவை. முழு வோல்ட் என்றால் அறுந்த இடம் நடுவுக்கும் எர்த் பட்டைக்கும் இடையில். பூஜ்யம் என்றால் பிளஸ் பட்டைக்கும் நடுவுக்கும் இடையில்.

இரண்டு முனைகளும் ஒரே பக்கத்தில் இருக்கும் கண்ணாடிகளும் உண்டு. அங்கே ஒரு பக்கப் பட்டை மேல் பாதி, கீழ் பாதி என்று பிரிந்திருக்கும். கரண்ட் மேல் கோடுகளில் போய்க் கீழ்க் கோடுகளில் திரும்பும். அப்படிப்பட்ட கண்ணாடியில் பாதி வோல்ட் வரும் இடம் கண்ணாடியின் நடு அல்ல, எதிர்ப்பக்கப் பட்டை. அளக்கும் முன் பட்டைகளை ஒருமுறை கண்ணால் தொடர்ந்து பார்த்துவிடுங்கள்.

கரண்ட் வரவில்லை என்றால்

ஃபியூஸிலிருந்து தொடங்குங்கள். காரின் கையேட்டில் டிஃபாகர் ஃபியூஸ் எது என்று இருக்கும். ஸ்டியரிங்குக்குக் கீழே அல்லது எஞ்சின் பகுதிப் பெட்டியில் இருக்கும். பிடுங்காமலே சோதிக்கலாம்: ஃபியூஸின் முதுகில் இரண்டு சிறு உலோகப் புள்ளிகள் தெரியும், டெஸ்ட் லாம்பின் கிளிப்பைப் பாடியில் மாட்டி, முனையால் இரண்டையும் ஒவ்வொன்றாகத் தொடுங்கள். இரண்டிலும் எரிந்தால் ஃபியூஸ் சரி. ஒன்றில் மட்டும் எரிந்தால் போய்விட்டது. எதிலும் எரியவில்லை என்றால் அந்த ஃபியூஸுக்கே கரண்ட் வரவில்லை. சாவி ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். ரிலே வழியாகக் கரண்ட் பெறும் ஃபியூஸ் என்றால் டிஃபாகர் போட்டால்தான் எரியும். 15 ஆம்பியர் நீலம், 20 மஞ்சள், 25 நிறமற்றது, 30 பச்சை. போனது மஞ்சள் என்றால் மஞ்சளே போடுங்கள். புது ஃபியூஸும் உடனே போனால் அது ஃபியூஸின் குற்றம் அல்ல, எங்கோ வயர் பாடியில் உரசி ஷார்ட் ஆகிறது. பச்சை போட்டுப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அடுத்து உருகப்போவது வயர்தான்.

ஃபியூஸ் சரி என்றால் ரிலே. டிஃபாகர் பொத்தானை அழுத்தும்போது ரிலேயின் மேல் விரலை வையுங்கள், ‘டிக்’ என்று துள்ளும். துள்ளாவிட்டால் அதே எண் அச்சிட்ட இன்னொரு ரிலேயை, ஹாரன் ரிலே ஒத்துப்போனால் அதை, மாற்றிச் செருகிப் பாருங்கள். எண் ஒத்துப்போகாமல் உருவம் மட்டும் ஒத்துப்போவதை நம்ப வேண்டாம்.

துள்ளுகிறது, ஆனால் கரண்ட் வரவில்லை என்பதும் நடக்கும். ரிலேயின் உள்முனைகள் கருகியிருக்கும். கழற்றிக் கால்களைப் பாருங்கள்: 85, 86 என்ற கால்கள் ரிலேயை இழுக்கும் கம்பிச்சுருளான காயிலுக்கு, 30, 87 என்பவை கரண்ட் போகும் வழி. காயில் 60 முதல் 100 ஓம் வரை காட்டும். 85, 86இல் பேட்டரி 12 வோல்ட் கொடுத்துவிட்டு 30க்கும் 87க்கும் நடுவே அளந்தால் மீட்டர் கிட்டத்தட்ட பூஜ்ய ஓம் காட்ட வேண்டும். மீட்டரின் இரண்டு முனைகளையும் சேர்த்துப் பிடித்தாலே 0.2, 0.3 ஓம் காட்டும், அதைக் கழித்துக்கொள்ளுங்கள். 87ஆம் காலின் அடியில் பிளாஸ்டிக் பழுப்பேறி இருந்தால் ரிலேயோடு அதன் சாக்கெட்டும் சூடேறியிருக்கிறது. சாக்கெட்டின் தளர்ந்த முனையையும் மாற்றாமல் புது ரிலே மட்டும் போட்டால் அதுவும் கருகும்.

பொத்தானில் எரியும் விளக்கைச் சாட்சியாக வைத்துக்கொள்ளாதீர்கள். பெரும்பாலான கார்களில் அந்த விளக்கு நீங்கள் பொத்தானை அழுத்தினீர்கள் என்று மட்டும் சொல்கிறது, கண்ணாடியில் கரண்ட் ஓடுகிறது என்று சொல்வதில்லை.

டிக்கிக் கதவின் ரப்பர் குழாய்

ஹாட்ச்பேக்கிலும் எஸ்.யு.வி.யிலும் எல்லாக் கோடும் மொத்தமாக நின்றுபோக அதிகம் காரணமாக இருப்பது இந்த இடம். கதவு திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் குழாய்க்குள் வயர்கள் மடிந்து நிமிர்கின்றன. சில ஆண்டுகளில் செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறுந்து, மேலுறை மட்டும் முழுசாக நிற்கும். கண்ணுக்கு நல்ல வயராகத் தெரியும். ரிவர்ஸ் கேமரா பொருத்தும்போது அதே குழாய்க்குள் இன்னொரு வயரைத் திணிப்பதும், அதற்காகக் குழாயைக் கீறிவிடுவதும் இதை வேகப்படுத்துகின்றன. கீறல் வழியாக மழைநீர் இறங்கினால் செம்பு பச்சை பூத்துவிடும். கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சை ஏற்றும் காலத்தில் டிக்கி நாளுக்குப் பலமுறை திறக்கப்படும் வண்டிகளில் இதை முதலிலேயே பார்ப்பது நல்லது.

குழாயின் இரு முனைகளையும் மெதுவாகப் பிடுங்கி, வயர்களை வெளியே எடுங்கள். தடிமனான இரண்டு வயர்கள்தான் நம் கணக்கு: ஒன்று டிஃபாகர் பிளஸ், இன்னொன்று எர்த். ஒவ்வொரு வயரையும் இரண்டு விரல்களால் பிடித்து லேசாக இழுங்கள். உள்ளே செம்பு அறுந்திருந்தால் உறை ரப்பர் போல நீளும். நல்ல வயர் நீளாது. டெஸ்ட் லாம்பை டிக்கிப் பக்க முனையில் மாட்டிவிட்டு, இன்னொருவரைக் கதவை மேலும் கீழும் அசைக்கச் சொன்னால் விளக்கு விட்டுவிட்டு எரிவது தெரியும்.

இங்கே வெறும் மல்டிமீட்டரை நம்பினால் ஏமாற்றம்தான். இருபது இழைகளில் ஒன்று மட்டும் மிச்சம் இருந்தாலும், கண்ணாடியைக் கழற்றிவிட்டு அளந்தால் மீட்டர் 12 வோல்ட்டைக் காட்டும், ஏனென்றால் மீட்டர் கரண்டே எடுப்பதில்லை. கண்ணாடி இணைந்திருக்கும்போது, 15 ஆம்பியர் ஓடும்போது அளந்தால்தான் உண்மை வெளிவரும்.

சரிசெய்யும் முறை: பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றுங்கள். அறுந்த இடத்தில் ஒட்டுப்போடாதீர்கள். அங்கே போட்ட ஒட்டு மறுபடியும் மடிந்து மறுபடியும் அறும். கெட்டுப்போன பகுதியை முழுதாக வெட்டிவிட்டு, 2.5 சதுர மி.மீ. மெல்லிழை ஆட்டோ வயரைக் குழாயின் முழு நீளத்துக்கும் ஓடவிட்டு, இரண்டு ஒட்டுகளும் குழாய்க்கு வெளியே, பாடிக்குள் ஒன்று, கதவுக்குள் ஒன்று வரும்படி செய்யுங்கள். ஒட்டின் மேல் சூட்டில் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் குழாய். நாலைந்து வயர்கள் அறுந்திருந்தால் எல்லா ஒட்டும் ஒரே இடத்தில் குவியாமல் இரண்டு செ.மீ. முன்னும் பின்னுமாக வையுங்கள். வீட்டு வயரிங்கின் தடித்த ஒற்றைக்கம்பி வயர் இதற்கு ஆகவே ஆகாது. பாடிப் பேனல்களைக் கழற்றும்போது கூரையோரமாக மஞ்சள் கப்ளர் தெரிந்தால் அது கர்ட்டன் ஏர்பேக். அதைத் தொடாதீர்கள்.

எர்த்தும் வோல்ட் இழப்பும்

எல்லாம் சூடாகிறது, ஆனால் சோம்பலாக. இந்த வகைக் கோளாறைத்தான் பலர் ‘இந்தக் காருக்கு இப்படித்தான்’ என்று விட்டுவிடுகிறார்கள். சூடு வோல்ட்டின் வர்க்கத்தைப் பொறுத்தது. கண்ணாடிக்கு 13.5க்குப் பதில் 10.5 வோல்ட் மட்டும் வந்தால் சூட்டில் சுமார் 40 சதவீதம் போய்விடும். கொட்டும் மழையில் அந்தச் சூட்டில் கண்ணாடி தெளிய வெகுநேரம் ஆகும்.

டிஃபாகர் ஓடும்போது பேட்டரி முனைகளில் ஓர் அளவு, கண்ணாடியின் இரண்டு தகட்டு முனைகளுக்கு நடுவே ஓர் அளவு எடுங்கள். வித்தியாசம் 1 வோல்ட்டுக்கு மேல் போனால் தேடத் தொடங்குங்கள். அடுத்து, எர்த் பக்கத் தகட்டுக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே நீண்ட வயர் வைத்து அளங்கள். அங்கே 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் சுத்தம். 1, 2 வோல்ட் காட்டினால் எர்த் போல்ட் துருப்பிடித்திருக்கிறது. மலைச்சாலை ஈரத்தில் ஓடும் கார்களில் இது சாதாரணம். போல்ட்டைக் கழற்றி, வயரின் வளைய முனையையும் பாடித் தகட்டையும் உலோகம் பளபளக்கும்வரை உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கமாக மாட்டி, மேலே கிரீஸ் பூசுங்கள். எர்த் நன்றாக இருந்தால் இழப்பு பிளஸ் பக்கம்: கண்ணாடித் தகட்டில் செருகும் கப்ளரைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு, பழுப்பேறிய பிளாஸ்டிக் என்றால் பிடி தளர்ந்த கப்ளர். அதை மாற்றுவதுதான் முறை, நசுக்கி இறுக்குவது தற்காலிகம்.

அறுந்த கோட்டைக் கண்டுபிடித்து ஒட்டுவது

ஒரே ஒரு கோடு போனதற்குக் கண்ணாடியையே மாற்றச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். இரண்டு செ.மீ.க்குள் இருக்கும் அறுப்பை நீங்களே சரிசெய்யலாம்.

இடத்தைக் கண்டுபிடிக்க, கறுப்பு முனையை எர்த்தில் வைத்தபடி, தாள் சுற்றிய சிவப்பு முனையைப் பிளஸ் பட்டையிலிருந்து அந்தக் கோட்டின் மேல் மெல்ல நகர்த்துங்கள். நல்ல கோட்டில் வோல்ட் சீராக இறங்கிக்கொண்டே வரும், 1.2 மீட்டர் நீளக் கோட்டில் 10 செ.மீ.க்குச் சுமார் 1 வோல்ட். அறுந்த கோட்டில் வோல்ட் இறங்கவே இறங்காது. 13, 13, 13 என்று நின்று, ஓரிடத்தில் சட்டென்று பூஜ்யத்துக்கு விழும். விழுந்த இடம்தான் அறுப்பு. வெளிப்பக்கம் சிறு டேப் ஒட்டி அடையாளம் வையுங்கள். உள்ளே டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் மயிரிழை போல ஒரு கீறல் தெரியும். ஒரே கோட்டில் இரண்டு அறுப்பும் இருக்கலாம், ஆகவே ஒட்டிய பிறகும் ஒருமுறை முழுதும் ஓட்டிப் பாருங்கள்.

டிஃபாகர் கோட்டுக்கென்றே வெள்ளித்தூள் கலந்த மின்கடத்திப் பெயின்ட் சிறு குப்பியில் விற்கிறது. சாதாரண அலுமினியப் பெயின்ட், சில்வர் ஸ்ப்ரே எதுவும் கரண்டைக் கடத்தாது.

1. டிஃபாகரை அணைத்து, கண்ணாடி சாதாரண சூட்டுக்கு வரட்டும். அறுப்பின் இருபுறமும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். செல்போன் சர்வீஸ் கடைகளில் இது கிடைக்கும்.

2. கோட்டின் மேலும் கீழும் இரண்டு மாஸ்கிங் டேப்களை ஒட்டி, கோட்டின் அகலம் மட்டும் இடைவெளி விடுங்கள்.

3. குப்பியை நன்றாகக் குலுக்குங்கள். வெள்ளி அடியில் படிந்திருக்கும், மேலே நிற்பது வெறும் கரைப்பான். சரியாகக் குலுக்காததுதான் ஒட்டு பிடிக்காமல் போக முதல் காரணம்.

4. அறுப்புக்கு இரண்டு பக்கமும் நல்ல கோட்டின் மேல் அரை செ.மீ.யாவது ஏறும்படி மெல்லிய பூச்சு. பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு இரண்டாவது, பிறகு மூன்றாவது. ஒரே தடித்த பூச்சு உள்ளே காயாது.

5. முழுதாக இறுகும் முன்பே டேப்பைக் கோட்டின் போக்கில் மெதுவாக உரியுங்கள்.

6. 24 மணி நேரம் டிஃபாகரைத் தொடாதீர்கள். மழைநாளில் மலைமேல் காய்வது இன்னும் தாமதமாகும். முடிந்தால் மலையடிவாரத்தில், வெயில் உள்ள நாளில் செய்யுங்கள்.

பூச்சு குறுகலாக, மெல்லியதாக இருந்தால் அந்த இடம் மட்டும் அதிகம் சூடேறி மீண்டும் கருகும். தொட்டுப் பார்க்கும்போது ஒட்டிய இடம் மற்ற இடத்தைவிடச் சுட்டால் இன்னொரு பூச்சுக் கொடுங்கள்.

தகட்டு முனை பிடுங்கிக்கொண்டால்

பட்டையில் ஈயம் வைத்து ஒட்டியிருக்கும் தகட்டு முனை தனியே வந்துவிட்டால் அந்தப் பக்கமே செத்துவிடும். சாதாரண சூப்பர் க்ளூ ஒட்டும், ஆனால் கரண்டைக் கடத்தாது. பழக்கமில்லாதவர்களுக்கு ஏற்றது இரண்டு குழாயாக வரும் வெள்ளி கலந்த மின்கடத்தி எபாக்சி: பழைய ஈயத்தைச் சமப்படுத்தி, துடைத்து, பாக்கெட்டில் சொன்ன அளவில் கலந்து தடவி, தகட்டை டேப்பால் அழுத்தி ஒரு நாள் விடுங்கள். மேலே வயர் தொங்கி இழுக்காதபடி பக்கத்தில் ஒரு டேப் ஒட்டுங்கள்.

ஈயம் வைப்பதென்றால் வெள்ளி கலந்த ஈயம் வேண்டும். சாதாரண ஈயம் பட்டையின் வெள்ளியைக் கரைத்து இழுத்துக்கொள்ளும், பிறகு எதுவும் ஒட்டாது. குளிர்ந்த கண்ணாடியில் சூட்டுக்கோலை நீண்ட நேரம் வைத்தால் பின் கண்ணாடி மொத்தமும் பொடிப்பொடியாக உதிரும், ஏனென்றால் அது டெம்பர்டு கண்ணாடி. கை பழகாதவர்கள் இதை நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுவதே மேல்.

கோடுகள் ஏன் அறுகின்றன

பிளேடுதான் முதல் எதிரி. கட்சி, கோயில், பள்ளி ஸ்டிக்கரை உள்பக்கம் ஒட்டி, பிறகு பிளேடால் சுரண்டினால் நான்கைந்து கோடுகள் ஒரே இழுப்பில் போகும். ஹேர் டிரையரால் சூடாக்கி, நகத்தால் தூக்கி, கோட்டின் போக்கிலேயே உரியுங்கள். மிச்சப் பசையைத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைக்கலாம். சன் ஃபிலிமும் அப்படியே. கோடுகளின் மேல் ஒட்டிய ஃபிலிமைக் கழற்றும்போது கோடும் சேர்ந்து வரும். பின் கண்ணாடி 70 சதவீத வெளிச்சத்தையாவது உள்ளே விட வேண்டும் என்பது விதி, அதனால் கறுப்பு ஃபிலிம் ஒட்டிய கார் செக்போஸ்டில் நிற்கவும் நேரும், கோடுகளும் போகும்.

டிக்கியில் அட்டைப்பெட்டி, திராட்சைக் கூடை ஏற்றும்போது கண்ணாடியில் உரசாமல் நடுவே ஒரு பழைய போர்வை போடுங்கள். வாட்டர் வாஷில் விடும்போது, “தம்பி, பின் கண்ணாடி உள்பக்கம் ஈரத்துணி போதும், குறுக்கால துடைங்க, பிரஷ் போடாதீங்க” என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். மேலும் கீழுமாகத் தேய்ப்பது கோட்டின் ஓரத்தைத் தூக்கும்.

ஃபியூஸ், ரிலே, வயர், எர்த், கண்ணாடி எல்லாம் சரியாக இருந்தும் ரிலேயின் காயிலுக்கு 12 வோல்ட் வரவே இல்லை என்றால், பாடி கண்ட்ரோல் யூனிட்டோ ஸ்விட்ச்சோ உத்தரவு கொடுக்கவில்லை. இதற்கு ஸ்கேனர் வேண்டும். ஒர்க்‌ஷாப்பில் விடும்போது நீங்கள் எடுத்த அளவுகளை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: கோட்டின் நடுவில் எத்தனை வோல்ட், ஃபியூஸில் லாம்ப் எரிந்ததா, ரிலே துள்ளியதா. அந்தத் தாள் இருந்தால் அவர்கள் மறுபடி ஃபியூஸிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, தேவையில்லாத பொருளுக்கு நீங்கள் பில் கட்ட வேண்டியதும் இல்லை.